மிஸ்டர் சூசை பதில் தரவில்லை

அத்தியாயம் 9

'பெயரின் கடைசிப் பகுதியை நிரப்பவும்' என்றது வரவேற்பு மேசையில் இருந்த சின்னத் திரை.

பொன்னுரங்கம் அதை முறைத்தார்.

"பொன்னுரங்கத்துல கடைசிப் பகுதி 'கம்'முதான். அத்த போட்டா போதுமா?"

"சர்நேம் சார்" என்றாள் வரவேற்பாளப் பெண். "இல்லேன்னா ஃபாதர் நேம் போடுங்க. காலியா விட்டா சிஸ்டம் எடுத்துக்காது."

அவர் ஒற்றை விரலால் தட்டினார். சின்ன இயந்திரம் ஒன்று கிர்ரென்று அனுமதிச் சீட்டைத் துப்பியது. அதில் பெரிய எழுத்தில், மிஸ்டர் கன்னியப்பன்.

"மேடம், எங்க நைனா செத்து இருபது வருசம் ஆவுது. இன்னிக்கி ஈக்காட்டுத்தாங்கல்ல மூணாவது மாடி ஏறிக்கினு கீறாரு."

"சட்டையில குத்திக்கங்க" என்றாள் ஜெயபாரதி. "அவராவது வேலைக்கு ஆவாரான்னு பார்ப்போம்."

ஜெயபாரதிக்குத் துப்பறிவது தொழில். தி.நகரில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே ஒன்றரை அறை ஆபீஸ். பொன்னுரங்கம் அவளுடைய உதவியாளர். முப்பது வருடம் டெலிபோன் லைன்மேனாக இருந்தவர். எந்தக் கம்பத்திலும் ஏறத் தெரியும், வாயை மூடத் தெரியாது.

அவளுடைய கைப்பையில் இருந்தது ஒரே ஒரு காகிதம். சாந்தோமில் இயங்கும் 'கரையோரம்' ஆம்புலன்ஸ் அறக்கட்டளை தன் டெலிபோன் ஆபரேட்டர் எஸ். வெரோனிகாவுக்கு அனுப்பிய நோட்டீஸ். விசாரணை இன்று மாலை நான்கு மணி. குற்றச்சாட்டு ஒரே வரி. பணி நேரத்தில் அழைப்புகளை எடுக்காததால் ஓர் உயிர் போனது.

போன மாதம் ஒன்பதாம் தேதி, காலை பதினொன்று நான்கு. தி.நகரில் துணிக்கடை வைத்திருக்கும் இசக்கிமுத்து, கொட்டிவாக்கத்தில் தன் வீட்டிலிருந்து அந்த எண்ணுக்குப் பத்தொன்பது முறை அடித்தார். பத்தொன்பது முறையும் எங்கேஜ்டு. உள்ளே அவர் மனைவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறக்கட்டளையின் வண்டி இரண்டே தெரு தள்ளி நின்றது. கூப்பிட்டால் கிளம்பலாம் என்று ஓட்டுநர் உள்ளே உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வேறொரு வண்டி பிடித்துப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆறு போனும் ஒரே நேரத்தில் அடித்தன, எடுத்தால் யாருமில்லை, வைத்தால் மறுபடி அடித்தன என்றாள் வெரோனிகா.

மூன்று ரிசீவர்கள் மேசைமேல் கழற்றிப் போடப்பட்டிருக்கின்றன என்றது கண்காணிப்புக் கேமரா.

இரண்டுமே உண்மை. ஒன்றைத்தான் நம்பினார்கள்.

ஆளில்லாமல் மணியடித்த அந்தப் பேய்க்கு முகவரி இருந்தது. இன்டர்நெட் வழியாக ஓடும் போன்களை நாள் முழுக்கத் தட்டித் தட்டி, எது தாழ் போடாமல் கிடக்கிறது என்று தேடுகிற திருட்டு மெஷின் அது. கதவைத் தட்டுகிறவன் திருடன்தான். ஆனாலும் உள்ளே இருப்பவளுக்கு மணி அடிக்கும், அவள் எழுந்து ஓடுவாள். அந்த மெஷின் இருந்தது இதே மூன்றாவது மாடியில் ஆபீஸ் வைத்திருக்கும் வானகம் கிளவுட் நிறுவனத்தின் வாடகை மெஷின்களில் ஒன்றில். யார் யாரைத் தட்டினார்கள் என்ற பதிவை அவர்கள் முப்பது நாள்தான் வைத்திருப்பார்கள்.

இன்று முப்பதாவது நாள். மாலை ஆறு மணிக்கு அது தானாக அழிந்துவிடும்.

வானகத்தில் புகார்களைக் கவனிக்கும் குருபிரசாத்தின் அறைக் கதவில் 'நம்பிக்கை மற்றும் பாதுகாப்பு' என்று எழுதியிருந்தது. உள்ளே இரண்டும் இருப்பதாகத் தெரியவில்லை. ஏசி இருந்தது.

"மிஸ்டர் கன்னியப்பன்?" என்று சீட்டைப் பார்த்துக் கை நீட்டினான்.

"அவரு எங்கப்பா சார். நான் பொன்னுரங்கம்."

"ஓ, டாக்டர் பொன்னுரங்கம். நேத்து வந்த கம்ப்ளைன்ட்ல உங்க பேர் பார்த்தேன். டெலிகாம் எக்ஸ்பர்ட்."

பொன்னுரங்கம் ஜெயபாரதியைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள். குருபிரசாத் கணினிப் பக்கம் திரும்பியதும் அவர் காதோரம் குனிந்தார்.

"நான் எப்ப மேடம் டாக்டர் ஆனேன்?"

"நேத்து சாயங்காலம் நாலரைக்கு. வெறும் பொன்னுரங்கம்னு போட்டா படிக்க மாட்டாங்க."

"வூட்டாண்ட சொல்லிக்கலாமா?"

"அந்த லெட்டரைத் தவிர உலகத்துல வேற எங்கயும் நீங்க டாக்டர் இல்ல. ஞாபகம் வச்சுக்கங்க."

குருபிரசாத் திரும்பினான். ஜெயபாரதி தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"வெரோனிகா உங்களுக்குப் பதினோரு கம்ப்ளைன்ட் அனுப்பியிருக்காங்க சார். மூணு வாரத்துல. பதினொண்ணும் அந்தச் சாவுக்கு முன்னாடி. என்ன பண்ணீங்க?"

"ப்ராசஸ்படி கஸ்டமருக்கு ஃபார்வர்டு பண்ணோம்."

"திருடனைப் பத்தின புகாரைத் திருடனுக்கே."

"கஸ்டமர்னு சொல்லுங்க மேடம். மூணு வருஷமா இருக்கார். அவர் மெஷினுக்குள்ள வேற யாராவது புகுந்திருக்கலாம், அவருக்கே தெரியாம இருக்கலாம். அதனாலதான் முதல்ல அவருக்குச் சொல்றோம்."

"அவர் என்ன சொன்னார்?"

"பதில் வரலை."

"பதினோரு தடவையும்?"

"பதினோரு தடவையும்."

"நேத்து நான் அனுப்பின பன்னிரண்டாவது?"

"அதையும் ஃபார்வர்டு பண்ணியாச்சு" என்றான் குருபிரசாத். சொன்னதில் ஒரு திருப்தி தெரிந்தது. "பாருங்க மேடம், நாங்க இடத்தை வாடகைக்கு விடறோம். உள்ளே என்ன நடக்குதுன்னு எட்டிப் பார்த்தா அது ப்ரைவசி பிரச்சினை."

"சார், நானும் வாடகை வூடுதான்" என்றார் பொன்னுரங்கம். "என் பொண்டாட்டி தெரியாம மாடிலருந்து ஒரு சொம்பு தண்ணி ஊத்தினாக்கூட, ஹவுஸ் ஓனரு ஏறி வந்து கதவைத் தட்டுவாரு. 'ஊத்தினவர் கவனத்துக்கு'ன்னு லெட்டர் போட்டுக்கினு மூணு வாரம் குந்திக்கினு இருக்க மாட்டாரு."

பயிற்சி வகுப்பில் கற்றுக்கொடுத்த புன்னகை ஒன்றை குருபிரசாத் எடுத்து மாட்டிக்கொண்டான்.

"பிரச்சினைதான் தீர்ந்துடுச்சே. பத்தாம் தேதி காலைல ஆறு பன்னிரண்டுக்கு கஸ்டமரே மெஷினை நிறுத்திட்டார். கம்ப்ளைன்ட் டிக்கெட் க்ளோஸ்டு."

ஜெயபாரதியின் பேனா நின்றது.

பத்தாம் தேதி காலை ஒன்பது மணிக்குத்தான் வெரோனிகாவைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அன்றிலிருந்து அந்த ஆபீஸில் ஒரு போனும் தானாக அடிக்கவில்லை. அறக்கட்டளை கையில் இருந்த மிகப் பெரிய ஆயுதமே அதுதான். வெரோனிகா போனாள், பேயும் போனது. அப்படியென்றால் பேய் யார்?

"எனக்கு ஒரே ஒரு லெட்டர் போதும் சார். ஒன்பதாம் தேதி பதினொன்று நாலுலருந்து பதினொன்று முப்பத்தொண்ணு வரைக்கும் உங்க மெஷின் ஒண்ணு இந்த ஆறு போனைத் தட்டுச்சு. அவ்வளவுதான். பேர் கூட வேண்டாம். நாலு மணிக்குள்ள வேணும்."

"கஸ்டமர் சம்மதம் இல்லாம முடியாது. அவர் ஒரு வரி எழுதட்டும், பத்து நிமிஷத்துல தர்றேன்."

"தரலேன்னா மேல எழுதுவேன். டெல்லி வரைக்கும்."

"எழுதுங்க மேடம். எல்லாரும் எழுதறாங்க."

அதை அவன் கேலியாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்பது மாதிரி சொன்னான். பிறகு தன் நல்லெண்ணத்தைக் காட்ட இன்டர்காமை எடுத்தான்.

"தீபிகா, அந்த ஆம்புலன்ஸ் டிக்கெட்... மிஸ்டர் சூசை ரிப்ளை பண்ணிட்டாரா? இல்லையா? ஓகே."

வைத்த பிறகுதான் தன் வாயிலிருந்து ஒரு பெயர் விழுந்தது அவனுக்கு உறைத்தது.

"நீங்க எதையும் கேட்கலை."

"காதுக்கு ப்ரைவசி தெரியாது சார்" என்றார் பொன்னுரங்கம், எழுந்துகொண்டே.

ஜெயபாரதியின் ஸ்கூட்டர் சைதாப்பேட்டையில் ஊர்ந்தது. பின்னால் பொன்னுரங்கம், சட்டையில் அப்பாவுடன்.

"பதினோரு லெட்டருக்கு அசையாத ஆள், பத்தாம் தேதி விடிஞ்சதும் ஓடி வந்து மெஷினை நிறுத்தறான். ஏன்?"

"சாவு நியூஸ் கேட்டு பேஜாராயிட்டான்."

"பேப்பர்ல அது வந்தது பன்னிரண்டாம் தேதி."

பொன்னுரங்கம் ஒரு சிக்னல் முழுக்க யோசித்தார்.

"அப்ப பேப்பருக்கு முன்னாடியே தெரிஞ்ச ஆளு."

"இசக்கிமுத்து வீட்டைச் சேர்ந்தவன், இல்லேன்னா ஆம்புலன்ஸ் ஆபீஸைச் சேர்ந்தவன். இசக்கிமுத்து வீட்டுல சூசைன்னு பேர் வைக்க மாட்டாங்க."

"சாந்தோம்ல சூசையா? நல்லா தேடினீங்க போங்க. அங்க ரோட்ல நின்னு 'சூசை'ன்னு ஒரு கொரலு குடுத்தா ஒம்போது பேரு திரும்பிப் பாப்பாங்கோ. ரெண்டு பேரு கல்லறைலருந்து."

மெட்ரோ பள்ளத்துக்காக வண்டிகளை லஸ் முனையைச் சுற்றி விட்டிருந்தார்கள். சாந்தோம் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று.

வெரோனிகாவின் வீடு சந்துக்குள் இரண்டாவது மாடி. வாசலில் 'எஸ். ஆஸ்வின், பி.டெக்.' என்ற பித்தளைப் பலகை மட்டும் பளபளத்தது. மகன் படித்து முடித்த வாரமே அவள் அடித்து மாட்டியது. தினமும் துடைப்பாள். கரையோரம் ஆபீஸின் இன்டர்நெட் போன் அமைப்பைப் போட்டுக் கொடுத்ததும் அந்த ஆஸ்வின்தான், கல்லூரிக் கடைசி வருடத்தில், சேவையாக. ஞாயிறு பூசையில் பேர் சொல்லிக் கைதட்டினார்கள்.

கதவைத் திறந்த வெரோனிகாவுக்கு ஐம்பத்தாறு வயது. உள்ளே மேசைமேல் போர்வை விரித்து, விசாரணைக்குக் கட்டப் போகும் சாம்பல் நிறச் சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்வின், நான் சொன்னேன்ல, அந்த மேடம். இவரு பொன்னுரங்கம்."

லேப்டாப்பை மூடிவிட்டு இளைஞன் எழுந்தான். தூக்கம் பார்த்து நாளான முகம்.

"வாங்க மேடம். டாக்டர், நீங்க இந்தச் சேர்ல உக்காருங்க. இங்கதான் ஃபேன் காத்து வரும்."

பொன்னுரங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படி உட்கார அவருக்கு ஏற்கெனவே பழகியிருந்தது.

"டாக்டரா? சொல்லவே இல்லையே அண்ணே" என்று வெரோனிகா சிரித்தாள். ஒரு மாதத்தில் முதல் சிரிப்பாக இருக்க வேண்டும், பாதியிலேயே நின்றுவிட்டது. "லெட்டர் கிடைச்சுதா மேடம்?"

"இல்லைங்க. ஆனா ஒரு பேர் கிடைச்சுது. சூசைன்னு உங்களுக்கு யாரையாவது தெரியுமா?"

"சூசையா? இந்தச் சந்துலயே நாலு பேரு. எங்க வீட்டுக்காரரே சூசைதான்." இஸ்திரிப் பெட்டியாலேயே சுவரைக் காட்டினாள். மீசை வைத்த ஒரு மனிதர், சட்டத்துக்குள், கீழே சின்னச் சிவப்பு பல்பு. "ஆறு வருஷமாச்சு."

ஆஸ்வின் காப்பி போடுவதாகச் சொல்லி உள்ளே போனான். ஏதோ பாத்திரம் விழுந்தது.

"போச்சு" என்று பொன்னுரங்கம் முணுமுணுத்தார். "மெஷின் எடுத்து மூணு வருசம்தான் ஆவுது. ஆறு வருசம் முன்னாடி போன மனுசன் எப்படி எடுப்பாரு? எங்க நைனாவாட்டம் அவரும் மாடி ஏறினாத்தான் உண்டு."

ஜெயபாரதி மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு அவர் சட்டையில் தொங்கிய சீட்டை. பிறகு, திறந்து கிடந்த கதவின் வழியாக, பித்தளைப் பலகையை.

"அந்தச் சீட்டைக் கழட்டுங்க."

"இன்னா மேடம்?"

"கழட்டிக் கொடுங்க. ஆஸ்வின், காப்பி வேண்டாம். இங்க வாங்க."

அவன் வந்து நின்றான். அவள் சீட்டை மேசைமேல், இஸ்திரி போட்ட சேலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கன்னியப்பன். இவரோட அப்பா. செத்து இருபது வருஷம். இன்னிக்குக் காலைல வானகம் ஆபீஸுக்குள்ள போனது அவர்தான். ஏன்னா அந்தத் திரை கடைசிப் பேர் கேட்டுச்சு. நம்ம ஆளுங்களுக்கு ஏது கடைசிப் பேர்? இனிஷியலை விரிச்சுப் போட்டுடறோம். அப்புறம் காலத்துக்கும் அப்பன் பேருக்குத்தான் லெட்டர் வரும்." பலகையைக் காட்டினாள். "எஸ்-னா என்ன தம்பி?"

ஆஸ்வின் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தான்.

"சாந்தோம்ல எஸ் இனிஷியல் ஆயிரம் பேருக்கு இருக்கும். அதை வச்சு நான் உங்களைப் பிடிக்கல. நீங்க இவரை டாக்டர்னு கூப்பிட்டீங்க. உங்கம்மாவுக்கே இவர் அண்ணன்தான். இவர் டாக்டர்னு உலகத்துல ஒரே ஒரு காகிதத்துல இருக்கு. நேத்து நாலரைக்கு நான் வானகத்துக்கு எழுதினது. வானகம் அதை ஒரே ஒருத்தருக்கு அனுப்பியிருக்கு."

வெரோனிகா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சுவிட்சை அணைத்தாள். வயரைச் சுற்றினாள். அந்த நிதானத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"என்னடா சொல்றாங்க?"

"அது நான் காலேஜ்ல எடுத்த மெஷின்மா" என்றான் ஆஸ்வின். குரல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. "உங்க ஆபீஸ் போனைப் போடறதுக்கு முன்னாடி, சோதிச்சுப் பார்க்க. வேலை முடிஞ்சதும் மறந்துட்டேன். பாஸ்வேர்டு உங்க பேர்தான். பின்னாடி ஒண்ணு ரெண்டு மூணு. எவனோ உள்ள புகுந்துட்டான். அதை வச்சு ஊர்ல இருக்கிற போனையெல்லாம் தட்டியிருக்கான். உங்க போனையும்."

"நீதானடா எனக்கு அவங்க அட்ரஸ் எடுத்துக் குடுத்த? கம்ப்ளைன்ட் போடும்மான்னு?"

"அப்போ தெரியாதும்மா. வெறும் நம்பரா இருந்துது. வானகம் மெஷின்னு மட்டும்தான் பார்த்தேன். ஞாயித்துக்கிழமை வந்து என்னன்னு பார்க்கறேன்னு சொன்னேன்ல."

"மூணு ஞாயிறு சொன்ன."

"ஒன்பதாம் தேதி அந்தம்மா செத்துட்டாங்கன்னு நீங்க வந்து அழுதீங்க. அப்பதான் உக்காந்து பார்த்தேன். நம்பர் என்னோடது. பழைய மெயிலைத் திறந்தா..." அவன் நிறுத்தினான். "பதினொண்ணு. பிரிக்காம இருந்துது. 'மரியாதைக்குரிய ஐயா, எங்கள் போன்கள் காரணம் இல்லாமல் அலறுகின்றன.' எல்லாத்துக்கும் கீழ எஸ். வெரோனிகா."

"பதினோரு லெட்டரும் உனக்காடா எழுதினேன்?"

சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அம்மா எழுதிய கடிதம், ஈக்காட்டுத்தாங்கல் போய், முத்திரை வாங்கிக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த மகனிடம் வந்திருக்கிறது. பதினோரு முறை. வழியில் ஒரு மனிதன்கூட அதைப் படிக்கவில்லை.

"மெஷினை நிறுத்தினீங்க. வாயை ஏன் திறக்கல?" என்றாள் ஜெயபாரதி.

"ஞாயித்துக்கிழமை சொல்லிடலாம்னு..."

பொன்னுரங்கம் மேசைமேல் இருந்த சீட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"உங்கம்மா போனதும் மணி நின்னுதுன்னு அவங்க மேல போட்டுட்டாங்க. தெரியுமா?"

"தெரியும்."

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு வெரோனிகா உட்கார்ந்தாள்.

"மேடம், இதோட விட்ருங்க. நான் நாலு மணிக்குப் போய் சீட்ல இல்லேன்னு சொல்லிடறேன். எனக்கு இனிமே என்ன இருக்கு. இவனுக்கு இருபத்தஞ்சு."

"இசக்கிமுத்துவுக்கு என்ன சொல்றது?"

"அவருக்கு யாரையாவது திட்டணும். என்னைத் திட்டிட்டுப் போகட்டும்."

"நீங்க என் கட்சிக்காரர். நீங்க விடுன்னா நான் விட்டுடணும்" என்றாள் ஜெயபாரதி. கசப்பான மாத்திரையைத் தண்ணீரில்லாமல் விழுங்கியவள் போல இருந்தாள். "ஆனா மிஸ்டர் சூசை என் கட்சிக்காரர் இல்ல. அவர் ஒரு வரி எழுதினா வானகம் பத்து நிமிஷத்துல லெட்டர் தரும்."

ஆஸ்வின் லேப்டாப்பைத் திறந்தான். அம்மா வேண்டாம் என்று தலையாட்டியதை அவன் பார்க்கவில்லை, அல்லது பார்த்தான். ஒரு வரி அடித்தான். பதிவுகளைத் தர எனக்குச் சம்மதம். ஆதார் நகலை இணைத்தான். அனுப்பினான். மணி இரண்டு நாற்பது.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பதில் வந்துவிட்டது. அந்த நிறுவனத்தின் வேகத்தை அன்றுதான் பார்த்தார்கள்.

'அன்புள்ள மிஸ்டர் சூசை, தாங்கள் இணைத்துள்ள அடையாள அட்டையில் உள்ள பெயர், கணக்கில் உள்ள பெயருடன் பொருந்தவில்லை. மிஸ்டர் சூசை அவர்களின் கையொப்பத்துடன் மீண்டும் விண்ணப்பிக்கவும். எழுபத்திரண்டு மணி நேரத்தில் பரிசீலிக்கப்படும்.'

ஜெயபாரதி குருபிரசாத்துக்குப் போன் போட்டாள். ஒலிபெருக்கியில் வைத்தாள்.

"சிஸ்டம் எடுத்துக்கலை மேடம். கணக்கு சூசை பேர்ல இருக்கு. ஆஸ்வின்னு ஒருத்தர் சம்மதம் கொடுத்தா எப்படி?"

"கணக்கு எடுத்தவர் ஆஸ்வின்தான் சார். சூசை அவர் அப்பா. ஆறு வருஷம் முன்னாடி செத்துட்டார்."

மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம்.

"ஓ, ஸாரி டு ஹியர். அப்போ டெத் சர்டிபிகேட்டை இணைக்கச் சொல்லுங்க. கணக்கை மூடிடறோம்."

"மூடினா பதிவு?"

"அது உடனே அழிஞ்சிடும்."

"குருபிரசாத், உங்க மெஷின்ல இருந்து தட்டின தட்டுல ஒரு பொம்பளை செத்துப் போயிருக்காங்க. ஆறு மணிக்கு அழியறதை நீங்க ஒரு பொத்தானை அழுத்தி நிறுத்தி வைக்கலாம். முடியுமா முடியாதா?"

"டிக்கெட் ரைஸ் பண்ணுங்க மேடம்."

போன் வைக்கப்பட்டது. சட்டத்துக்குள் இருந்த சூசை யாருக்கும் கையெழுத்துப் போடுவதாக இல்லை.

வெரோனிகா எழுந்து சேலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான்கு மணி. கரையோரம் ஆபீஸின் கூடத்தில் நீளமான மேசை. நடுவில் விசாரணைத் தலைவர் ஆனந்தகுமார், ஓய்வு பெற்ற அதிகாரி. அவர் முன்னால் பெரிதாக்கிய ஒரு புகைப்படம். மேசைமேல் மூன்று ரிசீவர்கள். எதிரில் வெள்ளைச் சட்டையில் இசக்கிமுத்து. ஒரு மாதத்தில் சட்டை அவருக்குப் பெரிதாகியிருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அதே ஆறு போன்கள், புது ஆபரேட்டர் லிண்டா.

"வானகத்துலருந்து ஏதோ லெட்டர் வரும்னு சொன்னீங்களே?" என்றார் ஆனந்தகுமார்.

"வரலை சார்" என்றாள் ஜெயபாரதி.

"அப்போ அந்தம்மா சொல்லட்டும். அந்த நேரத்துல நீங்க சீட்ல இருந்தீங்களா வெரோனிகா?"

வெரோனிகா எழுந்தாள். முப்பது நாளாக ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தவள், வேறொன்றைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

"சார், அன்னிக்கு நான்..."

"இருந்தாங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஆஸ்வின் வாசலில் நின்றான். உள்ளே வந்தான். அம்மா பக்கம் பார்க்காமல் மேசைக்கு முன்னால் போனான்.

"நீங்க யாரு தம்பி?" எழுத்தர் பேனாவைத் தயார் செய்துகொண்டார். "பேர் சொல்லுங்க."

"ஆஸ்வின்."

"இனிஷியல்?"

"எஸ்."

"எஸ்-னா?"

"சூசை."

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். மெஷினை, பாஸ்வேர்டை, பதினோரு கடிதங்களை, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவ்வளவு சின்ன விஷயமாக இருந்ததுதான் கேட்டவர்களுக்குத் தாங்கவில்லை.

ஆனந்தகுமார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆதாரம் ஏதாவது இருக்கா? அம்மாவைக் காப்பாத்த மகன் எதை வேணும்னாலும் சொல்லலாம்."

"ஆறு மணி வரைக்கும் இருக்கும் சார். ஈக்காட்டுத்தாங்கல்ல. கொடுக்க மாட்டாங்க."

இசக்கிமுத்து நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். சத்தம் போடவில்லை.

"பத்தொம்பது மட்டம் அடிச்சேன் தம்பி. பதினஞ்சாவது மட்டம் அடிக்கையில அவ என்னையப் பாத்து, 'விடுங்க, அவங்களுக்கு என்ன சோலியோ'ன்னா."

ஆஸ்வின் கையெடுத்துக் கும்பிடப் போனான். கை பாதியிலேயே நின்றது.

"வெரோனிகா" என்றார் ஆனந்தகுமார். "உங்க பையன் சொல்றது நிஜமா?"

அவள் மகனைப் பார்த்தாள். இசக்கிமுத்துவைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது சார்" என்றாள்.

அப்போதுதான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு போன் அடித்தது. வெரோனிகா பழக்கத்தில் பாதி எழுந்துவிட்டாள். லிண்டா எடுத்தாள்.

"வணக்கம், கரையோரம் ஆம்புலன்ஸ். சொல்லுங்க. ஹலோ. ஹலோ?"

வைத்தாள். வைத்த கையை எடுப்பதற்குள் அதே போன் மறுபடி அடித்தது. பக்கத்துப் போனும் அடித்தது. அதற்கடுத்ததும்.

ஆஸ்வின் கண்ணாடித் தடுப்பின் பக்கம் திரும்பினான்.

"என்னோடது இல்ல" என்றான், யாரும் கேட்காமலே. "அது நின்னு ஒரு மாசமாச்சு. இது வேற மெஷின்."

ஆறும் அடித்தன. கூடத்தில் ஒருவர் சொன்னது ஒருவருக்குக் கேட்கவில்லை. லிண்டா இரண்டு கையாலும் எடுத்து எடுத்து வைத்தாள். கடைசியில் என்ன செய்வதென்று தெரியாமல், ஒரு ரிசீவரைக் கழற்றி மேசைமேல் போட்டாள். இன்னொன்று. மூன்றாவது.

ஆனந்தகுமார் தன் முன்னால் இருந்த புகைப்படத்தைப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். மறுபடி புகைப்படத்தை.

கால் மணி நேரம் முன்னால் அடித்திருந்தால் ஒரு மகன் வாயைத் திறந்திருக்க வேண்டியதில்லை. ஜெயபாரதி கைப்பையில் பேனாவைத் தேடினாள். பதின்மூன்றாவது கடிதத்தை யாராவது எழுதியாக வேண்டும்.

பொன்னுரங்கம் சட்டைப் பையிலிருந்த அனுமதிச் சீட்டை எடுத்து, அதில் இருந்த பெயரை ஒரு தரம் பார்த்துவிட்டு, அடித்துக்கொண்டிருந்த போன்களைக் காட்டி அவள் பக்கம் சாய்ந்தார்.

"இது யாரோட அப்பன் மேடம்?"